நாலுகம்பிக்காரரும் அவர் மச்சானும்

சாதாரண கிட்டாரில் ஆறு கம்பி. பேஸ் கிட்டாரில் நாலுதான். இந்த ஒரே காரணத்துக்காக அவருக்கு நாலுகம்பி என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவர் இசைக்குழுவின் தலைவர். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எதிரில் வருகிறவனுக்கெல்லாம் பெயர் வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. "எல்லாருக்கும் ஆறு, உனக்கு நாலு. மீதி ரெண்ட என்னய்யா பண்ண?" என்று அவர் ஒருநாள் கேட்டுவைக்க, அந்தக் கேலி முப்பது வருஷம் ஓடியது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருந்தது. அதைக் குழுவில் ஒருத்தரும் கேட்டதில்லை.

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்தாவது மாடியில் நின்றபடி கதவில் காதை வைத்தால், மேலே மோட்டாரில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். லிஃப்ட் ஓடும்போது யாரும் மெக்கானிக்கை நினைப்பதில்லை, நின்றால் மட்டும் அவர் பரம்பரையையே இழுப்பார்கள். சாயங்காலம் அவர் கையில் எடுக்கிற வாத்தியத்துக்கும் அதே தலையெழுத்துதான். நிகழ்ச்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் பேஸ் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "எது?" என்பார்கள். பாட்டின் நடுவில் அதை நாலு வினாடி நிறுத்திப் பாருங்கள், கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கிற அம்மாகூட என்னமோ குறையுதே என்று தலையைத் தூக்குவாள்.

அவரும் ஒன்றும் ஆசைப்பட்டு அந்த நாலு கம்பியைப் பிடித்தவரில்லை. இருபத்திரண்டு வயதில், சிவப்பு நிற ஆறு கம்பி கிட்டாரோடு, ஒரு மணி நேரம் தலை வாரிக்கொண்டு குழுவில் சேர வந்தவர். மேடையின் முன்வரிசையில் நிற்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் லட்சியம். அந்த மாதம் பார்த்து குழுவின் பேஸ்காரர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். தலைவர் இவருடைய கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "விரல் தடியா இருக்கு. நீ பின்னாடி போ" என்றார். மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாலாவது நாள் பின்னால் போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் அந்த நாலு கம்பியில் கொட்டினார். மேலே ஏறுவார், கீழே இறங்குவார், பாடகர் வாயைத் திறந்தால் அதற்குள்ளேயும் புகுந்துவிடுவார். இரண்டாவது வாரம் டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்தார். இவரைவிட மூன்று வயது மூத்தவர், ஒல்லி, எப்போதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருப்பார்.

"டேய், நீயே பேசிட்டு இருக்க. நாங்கல்லாம் எப்போ பேசறது?"

அறை முழுக்கச் சிரித்தது. நாலுகம்பிக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் மனுஷனுக்கு ரோஷம் இருந்த அளவுக்குப் புத்தியும் இருந்தது. அடுத்த பாட்டில் பாதியைக் குறைத்தார். அதற்கடுத்த பாட்டில் இன்னும் பாதி. கடைசியில் ஒரு வரிக்கு மூன்றே தட்டு மிச்சம் இருந்தது. அந்த மூன்றும் டிரம்ஸ்காரரின் வலது கால் பெரிய டிரம்மின் பெடலில் விழும்போது சரியாக விழுந்தன. அந்த நேரம் டிரம்மும் பேஸும் ஒரே சத்தமாகி, மரத்தரை வழியாகச் செருப்புக்குள் ஏறியது. டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். இவரும் பார்த்தார். சினேகிதம் அன்றைக்கு ஆரம்பித்தது.

பேஸ் வாசிக்கத் தெரிந்தவன் யார், சும்மா மாட்டிக்கொண்டு நிற்கிறவன் யார் என்று கேட்டால் புத்தகத்தில் நூறு சொல்லியிருப்பார்கள். நாலுகம்பி பழகிக்கொண்டது வேறு மாதிரி. அவர் கையைப் பார்க்கமாட்டார், டிரம்ஸ்காரரின் முழங்காலைப் பார்ப்பார். பாட்டைக் கேட்பதைவிட பாடுகிறவரின் மூச்சைக் கேட்பார். பாடகி அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பது அக்காவுக்கே தெரிவதற்குள் இவருக்குத் தெரிந்துவிடும். தலைவர் பக்கம் திரும்பி ஒரு விரலைக் கீழே காட்டுவார், அடுத்த பாட்டு ஒரு சுருதி இறங்கிவிடும்.

ஒருதடவை பாடகர் இரண்டாம் சரணத்தைச் சுத்தமாக மறந்துவிட்டு மூன்றாவதுக்குத் தாவினார். அவர் தாவப்போகிறார் என்று இழுத்த மூச்சிலேயே இவர் கண்டுபிடித்து, கூடவே தாவிவிட்டார். இவருடைய புருவத்தைப் பார்த்து டிரம்ஸும் தாவியது. தலைவர் ஒரு தட்டு தாமதமாக வந்து ஒட்டிக்கொண்டு, இறங்கியதும், "நான் மட்டும் சமாளிக்கலைன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்" என்றார். பின்னால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். எத்தனை நல்ல நாட்கள். இப்போது நினைத்தாலும் நாலுகம்பிக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

ஒத்திகை நடந்தது ஒரு சைக்கிள் கடையின் மாடியில். படி ஏறும்போதே டயர் பசை வாசனை வரும். ஜன்னலுக்குச் சாக்குத் திரை. டிரம்ஸ்காரர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவருடைய தங்கை அங்கே ஒருநாள் வந்தாள். ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டாள். பிறகு நாலுகம்பியிடம், "நீங்க என்ன வாசிக்கிறீங்க? ஒண்ணுமே கேக்கலையே" என்றாள். மனுஷன் அங்கேயே விழுந்தார். அடுத்த வருஷம் கல்யாணம். அதுவரை இவர் "டேய் ஒல்லி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சினேகிதன் ஒரே நாளில் "மச்சான், வாங்க போங்க" ஆகிவிட்டார். மச்சானோ "டேய்"க்கு முன்னால் ஒரு "மாப்ளே"யை மட்டும் சேர்த்துக்கொண்டார். மனைவிக்கு நாளாக நாளாக எந்த ரேடியோவில் எந்தப் பாட்டு போனாலும் பேஸ் மட்டுமே காதில் விழ ஆரம்பித்தது. "உங்களக் கட்டிக்கிட்டு ஒரு பாட்ட நிம்மதியாக் கேக்க முடியுதா?" என்று அலுத்துக்கொள்வாள்.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லை. கெடுத்தது வேறு யாருமில்லை, நம்ம நாலுகம்பிதான்.

ஒரு கல்யாண வரவேற்பில் இவர்கள் வாசித்ததை ஒலிப்பதிவு ஸ்டூடியோவைச் சேர்ந்த ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். கையைக் கழுவிவிட்டு நேராக மேடைக்குப் பின்னால் வந்தார். மச்சானிடம், "வர்ற வாரம் விட்டு அடுத்த திங்கக்கெழமை காலையில ஸ்டூடியோவுக்கு வாங்க, வாசிச்சுக் காட்டுங்க" என்று விலாசம் கொடுத்துவிட்டுப் போனார். நாலுகம்பியைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

குழுவுக்கே கொண்டாட்டம். நாலுகம்பியும் மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அந்தக் கால் தனியாகவா வாசித்தது, என் விரல் இல்லாமலா என்று நினைப்பு ஓடியது. பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மூடி மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, சைக்கிள் கடை மாடியில் எல்லாரும் உட்கார்ந்து அந்த வரவேற்பில் பதிவு செய்த கேசட்டைக் கேட்டார்கள். மைக் செட்காரர் தன் சின்ன டேப் ரெக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்துப் பதிந்தது. மச்சானுக்கு ஸ்டூடியோவுக்குப் போகுமுன் தன்னைத் தானே ஒருமுறை கேட்டுக்கொள்ள ஆசை. பாட்டு நிதானமாக ஆரம்பித்தது. சரணத்துக்கு வரும்போது கொஞ்சம் வேகம் ஏறிய மாதிரி இருந்தது. முடிவில் பாடகி அக்கா மூச்சு வாங்க ஓடுகிற மாதிரியே கேட்டது. மச்சானின் முகம் மாறியது. "ஓடுதோ?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டது நாலுகம்பியைப் பார்த்துத்தான்.

டிரம்ஸ்காரனுக்கு அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. தாளம் ஓடுகிறது என்றால் அவனிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. நாலுகம்பி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"ஓடுதாவா? மச்சான், முடிவுல நாங்க எல்லாரும் உங்கள டாக்சி புடிச்சுல்ல துரத்திட்டு வர்றோம். ஸ்டூடியோல கதவச் சாத்தி வெக்கச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கேசட்டைத் திருப்பி ஓட்டி இன்னொரு தடவை கேட்டார். குச்சிகளைப் பையில் வைத்தார். படியிறங்கிப் போனார். ரோஷம், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார் தலைவர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் நாலுகம்பி, கையோடு எடுத்து வந்திருந்த அந்தக் கேசட்டைப் போட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தார். ஆரம்பத்தில் எல்லாம் ஒட்டியது. சரணத்தில் அவருடைய கம்பி லேசாக இறங்கியிருப்பதுபோல் பட்டது. முறுக்கினார். முடிவில் மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி முறுக்கினார். அப்புறம்தான் உறைத்தது. இறங்கியது இவருடைய கம்பி இல்லை, கேசட்டில் பாட்டின் சுருதியே ஏறிக்கொண்டு போகிறது. ஒரு டிரம்ஸ்காரன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வேகம்தான் ஏறும். பாடுகிறவர் குரல், கீபோர்டு, பேஸ் எல்லாவற்றின் சுருதியையும் அவன் ஏற்ற முடியாது.

மைக் செட்காரருக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, அன்னைக்கு ரெக்கார்டர்ல என்ன பாட்டரி போட்ட?"

"டார்ச்சுல இருந்ததத்தான் எடுத்துப் போட்டேன். பாதியில கொஞ்சம் தள்ளாட ஆரம்பிச்சுச்சு. ஏன், சரியா விழலையா?"

பாட்டரி சாகச் சாக டேப் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை நல்ல மின்சாரத்தில் போட்டால் வேகமாகக் கேட்காமல் என்ன செய்யும்? மச்சானின் கால் ஓடவே இல்லை. ஊரில் எவன் வேண்டுமானாலும் இதில் ஏமாறலாம், சுருதியைக் காதில் வைத்துக்கொண்டு பிழைக்கிற பேஸ்காரன் ஏமாறலாமா? அன்று அவர் காது பாட்டைக் கேட்கவில்லை, மச்சானிடம் ஒரு குற்றத்தைத் தேடியது.

மச்சான் வீடு இரண்டு தெரு தள்ளி. செருப்பை மாட்டினார், வாசல்வரை வந்தார். எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணியாயிற்று, இப்போது போய் என் காது தப்பு என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு அவர் வாசித்துக் காட்டி ஜெயித்து வரட்டும், அப்போது சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அப்படித் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து படுத்துவிட்டார்.

வியாழக்கிழமை மனைவி சொன்னாள், "அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போகலையாம். ஞாயித்துக்கெழமையில இருந்தே காய்ச்சலாம்." காய்ச்சலுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று நாலுகம்பிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

அடுத்த ஒத்திகைக்கு மச்சான் வந்தார். நாலுகம்பியோடு பேசவில்லை. இவரும் பேசவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, பேசாமல் போன ஒவ்வொரு நாளும் பேசுவதை இன்னும் கஷ்டமாக்கியது. இப்படியே ஒன்பது வருஷம். நம்ப முடிகிறதா? வாரத்துக்கு இரண்டு மேடை, ஒரே வேன், ஒரே கால், ஒரே விரல், பேச்சு மட்டும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மச்சான் தலைவரிடம், "ரெண்டாவது பாட்ட நான் எண்ணித்தான் ஆரம்பிப்பேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்பார். மாப்ளே போய் "அவர்" வந்துவிட்டது. மனைவி முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். "மேடையில ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு விடுறீங்க. கீழ எறங்கினா முறைச்சிக்கிறீங்க. நான் யார் வீட்டுக்குப் போறது?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். மச்சானின் வாசிப்பு மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகுமுன் அவர் கை ஒரு சின்ன விளையாட்டு விளையாடும், கேட்கிறவர்களின் தோள் தானாக ஆடும். அது நின்றுபோனது. கடிகாரம் மாதிரி அடித்தார். தலைவர், "இப்பத்தான் ஒழுங்கா வாசிக்கிறான்" என்று சந்தோஷப்பட்டார். வயசாகிவிட்டது என்று நாலுகம்பி தனக்குச் சொல்லிக்கொண்டார். நாற்பது வயதில் என்ன வயசு? காரணம் தெரியாதவரா அவர்?

ஒரு நாள் மனைவி வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். "அண்ணன் தன் மக குடும்பத்தோட போகப்போறார். வெளிநாட்டுக்கு. இன்னும் மூணு வாரத்துல. இனிமே திரும்பறதா இல்லையாம்." பேசிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போறதுக்குள்ளயாவது ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றாள்.

மூன்று வாரத்தில் ஐந்து மேடை. நாலு மேடையில் நாலுகம்பிக்கு வாய் வரவில்லை. ஐந்தாவது, மச்சானின் கடைசி மேடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வரவேற்பு. இதை விட்டால் இல்லை என்று அவருக்குத் தெரியும். முதல் பாதியில் அவர் கண் மச்சானின் முழங்காலைவிட்டு நகரவில்லை. எந்தப் பாட்டு வாசித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

இடைவேளையில் மண்டபத்துக்குப் பின்னால், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் மச்சான் தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாலுகம்பி போய் எதிரில் நின்றார்.

"மச்சான்."

மச்சான் பாட்டிலை மூடினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அந்தக் கேசட்டுல நீங்க ஓடல. பாட்டரி செத்துப்போன ரெக்கார்டர்ல பதிஞ்சது. சுருதியும் சேந்து ஏறுது. நான் அதக் கேக்காம வாய விட்டுட்டேன். உங்களத் தனியாக் கூப்பிட்டாங்கன்னு எனக்குப் பொறாமை, மச்சான்."

உள்ளே தட்டுகள் எடுக்கிற சத்தம் கேட்டது.

"எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா."

"எனக்குக் காய்ச்சலெல்லாம் இல்ல" என்றார் மச்சான். "திங்கக்கெழமை காலையில குளிச்சு, சட்டைய மாட்டி, குச்சிய எடுத்துட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். ரெண்டு பஸ் வந்துச்சு. ரெண்டையும் விட்டுட்டேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் போடா வேலையப் பாத்துன்னு ஏறியிருப்பேன். சொன்னது நீ. என் கால என்னைவிட உனக்குத்தான நல்லாத் தெரியும்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு திரும்பி வந்துட்டேன்."

ஒன்பது வருஷமாக நாலுகம்பி பயந்துகொண்டிருந்தது மச்சானின் கோபத்துக்கு. இங்கே கோபமே இல்லை. நம்பிக்கை வைத்து நாசமாய்ப் போயிருக்கிறார் மனுஷன்.

"அப்ப நான் நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றார் மச்சான். கேள்வி மாதிரி இல்லை.

"ரொம்ப நல்லா வாசிச்சீங்க மச்சான்."

தலைவர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் பேசறீங்களா? அட, பேசுங்க பேசுங்க, ஆனா மேடைக்கு வந்து பேசுங்க" என்றார்.

இரண்டாம் பாதியில் முதல் பாட்டு சாதாரணமாகத்தான் போனது. இரண்டாவது பாட்டில், ஒரு வரி முடிகிற இடத்தில், மச்சானின் கை மெல்ல ஒரு விளையாட்டு விளையாடிவிட்டு வந்தது. நாலுகம்பி அந்த இடத்தில் ஒரு தட்டை விட்டு வழி கொடுத்தார். அடுத்த வரியில் கை இன்னும் கொஞ்சம் தூரம் போனது. நாலாவது பாட்டுக்கு வரும்போது தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் தோளை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாலுகம்பிக்குக் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் கம்பியில் இருந்தன. இப்படி வாசிக்கிற மனுஷனை ஒன்பது வருஷம் பூட்டி வைத்தோமே என்று இருந்தது அவருக்கு.

முடிந்து கூட்டம் கலைந்ததும் மச்சான் குனிந்து ஸ்டாண்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். நாலுகம்பி பக்கத்தில் போய் நின்றார்.

"மச்சான், மன்னிச்சிருங்கன்னு கேக்கவும் எனக்கு வாய் வரல."

மச்சான் நிமிராமலே ஒரு திருகைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கேக்காத. நீ பண்ணது சின்னத் தப்பு இல்ல மாப்ளே. ஒம்பது வருஷத்துக்கு உன்னத் திட்ட வேண்டியிருக்கு. எனக்கு இருக்கறது நாலே நாளு." பெரிய டிரம்மின் ஒரு பக்கத்தைத் தூக்கி இவரைப் பார்த்தார். "இத அந்தப் பக்கம் புடி. நாளைக்குக் காலையிலேயே வீட்டுக்கு வந்துடு. தங்கச்சியையும் கூட்டிட்டு வா."